இறக்கத்தில் என்ஜினும் ஒரு பிரேக்தான்

பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்பும் பெற்றோரும் வேன் ஓட்டும் தம்பிமாரும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல வீதியில் பாடசாலைச் சுற்றுலா வந்த பஸ் வேனோடும் ஆட்டோவோடும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் அதிகமானோர் போய்விட்டார்கள். அவற்றின் காரணங்களை விசாரித்தவர்கள் சொல்லட்டும். நான் பேசுவது நம் கையில் உள்ளதை.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கம்பளைக்குப் போகும்போது 1,300 மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். அவ்வளவுக்கும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். அதனால்தான் சின்னக் கியரில் போட்டு, என்ஜினாலேயே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். அதோடு, டீசல் வேனில் பிரேக்குக்கு உதவும் வக்கும் பம்பும், பெரிய பஸ்ஸில் காற்றுப் பிரேக்கின் கொம்ப்ரசரும் என்ஜினால்தான் ஓடுகின்றன. இறக்கத்தில் என்ஜின் நின்றால், இரண்டு மூன்று மிதியில் வேனின் பெடல் கல்லாகிவிடும்.

டீசல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் இறக்குகிறார்கள். 2022இல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனபோது மிச்சம் பிடிக்க நினைத்தது நியாயம். ஆனால் கணக்குப் பிழை. கியரில் வைத்து அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும், சக்கரமே என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில்தான் என்ஜின் நின்றுவிடாமலிருக்க டீசல் எரியும்.

ஆகவே இந்த மலையில் டீசல் பில்டர் மாற்றுவது வெறும் வண்டிச் செலவு அல்ல. நம் குளிரில், பாதி காலியான டாங்கிக்குள் இரவில் தண்ணீர் கோர்க்கும். பில்டரின் அடியில் தேங்கும் அந்தத் தண்ணீரைத் திறந்து விடாவிட்டால் பம்பும் நொசிலும் பழுதாகும், என்ஜின் நடுவழியில் நிற்கும். அநேக வேன்களில் வக்கும் பம்புக்கு என்ஜின் ஒயில்தான் போகிறது. ஒயில் குறைந்தால் அதுவும் தேயும். பஸ்ஸின் காற்றுத் தாங்கியில் சேரும் தண்ணீரையும் அடிக்கடி திறந்து விட வேண்டும்.

இதற்கெல்லாம் காசு வேண்டும். வேன் கூலியில் 500 ரூபா குறையுங்கள் என்று மல்லுக்கட்டும் நாம், அந்த 500 எங்கிருந்து குறைகிறது என்று கேட்பதில்லை. பில்டரிலிருந்தும் ஒயிலிலிருந்தும்தான் முதலில் குறையும்.

என் கருத்து இதுதான். ஒவ்வொரு வேனுக்கும் ஒரு சர்வீஸ் கொப்பி இருக்கட்டும். என்ன மாற்றியது, எத்தனை கிலோமீற்றரில் என்று மெக்கானிக் எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். தவணைக்கு ஒரு தடவை பெற்றோர் அதைக் கேட்டுப் பார்க்கட்டும். வேன்காரத் தம்பி, கேட்டால் கோபிக்காதீர்கள். உங்களிடம் ஏறும் பிள்ளைகள் அமானிதம். பெற்றோரே, கொப்பி சரியாக இருந்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே இதைப் பேசலாம். உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். கராஜ் வேலை தெரிந்த சகோதரர்கள், நான் விட்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.