மறுப்புரையும் மக்களாட்சியும்

பொருநைக் கரையில் நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரியும், கல்வெட்டுச் சிறப்புடைய மானூரும் பண்டைய நெல்லைச் சீமையின் இரு ஊர்கள். கி.பி. 800 அளவில் பொறிக்கப்பட்ட மானூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் விதிகளை உரைக்கிறது. நிலமும் வேதக் கல்வியும் உடையோரே சபையில் பங்குகொள்ளலாம். எதற்கெடுத்தாலும் மறுப்பே கூறுவோருக்கும் அவருக்குத் துணைநிற்போருக்கும் 5 காசு தண்டம். சபை முடங்கலாகாது என்னும் கவலை நியாயமே. ஆயினும், வீம்புக்கு மறுப்பவர் யார், மனச்சான்றால் மறுப்பவர் யார் என்பதைப் பெரும்பான்மையே முடிவு செய்தால் நீதி நிலைக்குமா?

இதே நெல்லையில் 1896-இல் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயீல் சாகிப், 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கோரினார். சபை அதனை ஏற்கவில்லை, தண்டமும் விதிக்கவில்லை. அதே சமுதாயத்தவரான பேகம் அய்ஜாஸ் ரசூலும் அக்கோரிக்கையை எதிர்த்தார். சமுதாயம் ஒன்றாயினும் குரல்கள் பல என்பதற்கு இது சான்று. தோற்ற காயிதே மில்லத் ஒதுங்கிவிடவில்லை. பொது வாக்காளர் பட்டியலின்வழியே மஞ்சேரியில் 1962, 1967, 1971 என மும்முறை வென்று மக்களவை புகுந்தார்.

எண்ணிக்கை முடிவைத் தரும். மறுப்போருக்கு அளிக்கும் மதிப்பே அம்முடிவுக்கு மாண்பைத் தரும். மஷூராவைப் போற்றும் நாம் இதனை மறத்தல் தகுமோ? ஆழ்வார்திருநகரிப் பேரூராட்சி மன்றமாயினும், நம் ஜமாஅத்தாயினும், கல்லூரி மாணவர் பேரவையாயினும், தனித்து நிற்பவரின் சொல்லையும் முழுமையாகக் கேட்டபின் கை உயர்த்துவோம். இன்று அவர் தனித்து நிற்கிறார். நாளை நாமும் நிற்கக்கூடும்.