சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் சுவர் எழுந்துவிட்டால் சித்திரம் தானே வந்துவிடுமா? புதிதாகத் தொடங்கப்படும் மருத்துவ உயிரியல் ஆய்வு நிறுவனங்களைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழும் வினா இது. கட்டடத்தின் பரப்பும் கருவிகளின் விலையும் செய்தியில் இருக்கும். அங்கே யார் யாரோடு அமர்ந்து ஆராயப் போகிறார்கள் என்பது மட்டும் இராது.

ஆய்வு நிறுவனம் என்பது கட்டப்படுவதன்று, வளர்க்கப்படுவது. இதற்கு நான் காட்டும் சான்று, இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடம்.

1947-இல் அது சிறு பிரிவாகத் தொடங்கியபோது இருந்தவர்கள் இருவரே: மாக்ஸ் பெருட்ஸ், ஜான் கெண்ட்ரூ. இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒண்டுக் குடித்தனம்! சொந்தக் கட்டடம் கிடைத்தது 1962-இல்தான். அதற்கு முன்பே, 1953-இல், டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் அந்தச் சிறு பிரிவில் உருப்பெற்றுவிட்டது. அப்போது வாட்சனுக்கு வயது 25. கிரிக், 36 வயதாகியும் முனைவர் பட்டம் பெறாதவர். பட்டத்தை எடை போட்டிருந்தால் அவருக்கு அங்கே இடம் கிடைத்திருக்குமா?

ஆளைத் தேர்ந்தெடுத்தால் போதாது, பொறுத்திருக்கவும் வேண்டும். பெருட்ஸ் ஹீமோகுளோபின் ஆய்வை 1937-இல் தொடங்கினார். அதன் உருவம் தெரிந்தது 1959-இல். 22 ஆண்டுகள்! ஆண்டுதோறும் 'என்ன சாதித்தாய்?' என்று கேட்டிருந்தால் அவர் பாதியிலேயே விட்டிருப்பார்.

புதிய கட்டடத்தில் பெருட்ஸ் 'இயக்குநர்' ஆகவில்லை. குழுவின் தலைவராகவே இருந்தார். தாமே சோதனை செய்தார். ஆய்வுக் குழுக்கள் சிறியவை; கருவிகள் பொதுவானவை. அவருடைய மனைவி கீசெலா நடத்திய சிற்றுண்டிச் சாலையில் பேரறிஞரும் நேற்று வந்த இளைஞரும் ஒரே மேசையில் தேநீர் அருந்தினர். அர்ஜென்டினாவிலிருந்து வந்த மில்ஸ்டைனும் ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞர் கோலரும் 1975-இல் ஒற்றைவகை எதிர்ப்புரதங்களை உருவாக்கும் முறையைக் கண்டதும் இந்த ஆய்வுக்கூடத்தில்தான். இன்று புற்றுநோய் மருந்துகள் பலவற்றுக்கு அதுவே அடிப்படை.

"காலக்கெடு இல்லாவிட்டால் சோம்பல் குடியேறாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. சோம்பேறிகளும் வரத்தான் செய்வார்கள். ஆனால் அதைத் தடுக்கும் காவல், படிவங்களில் இல்லை. ஆளெடுக்கும்போது காட்டும் கண்டிப்பில் இருக்கிறது. 'உன் ஆய்வு எங்கே நிற்கிறது?' என்று தேநீர் மேசையில் கேட்கும் தோழரிடம் இருக்கிறது.

1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, உயிரியல் கற்க மீண்டும் மாணவராக அமர்ந்தவர். அவர் 1999-இல் அமெரிக்காவிலிருந்து இந்த ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார். துறை மாறி வந்தவரை 'நீ யார்?' என்று கேளாத இடம் அது.

நான் மாணவனாக இருந்த கல்லூரியில் உயர்ந்த நுண்ணோக்கி ஒன்று இருந்தது. பழுதாகிவிடுமே என்ற அச்சத்தில் அதை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். மூன்றாண்டுகளில் ஒரே ஒரு முறை, தணிக்கை நாளன்று, அதைத் தொலைவில் நின்று பார்த்தேன். இன்று ஆசிரியனாகிவிட்ட பிறகும் அந்தப் பூட்டு என் கண்முன் நிற்கிறது. பூட்டிய கருவி பழுதாகாது. ஆனால் அதற்காக ஏங்கிய மாணவனின் ஆர்வம் பழுதாகிவிடும்.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை புதிய ஆய்வு நிறுவனங்களில் அடியெடுத்து வைப்பீர்கள். சிலர் அவற்றை நடத்தவும் செய்வீர்கள். அப்போது சாவியைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். நல்ல இளைஞர் நால்வரைத் தேடிப் பிடியுங்கள்; கருவிகளைப் பொதுவில் வையுங்கள்; காத்திருங்கள். சுவர் பிறகு எழட்டும்.