ஸ்ரீநாத்தும் முப்பது என்னும் கோடும்

இந்தியாவின் எக்காலத்துக்குமான சிறந்த டெஸ்ட் அணி எது என்ற விவாதம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் ஜவகல் ஸ்ரீநாத்தின் பெயர் அடிபட்டுப் போகிறது. வேறெங்கோ நடப்பதென்றால் பொறுத்துக்கொள்ளலாம். அவர் பொறியியல் படித்த மைசூரில், 'மைசூர் எக்ஸ்பிரஸ்' என்று அவருக்குப் பட்டம் வாங்கித் தந்த ஊரில், மானசகங்கோத்திரியின் ஆய்வு மாணவர்களிடையேயும் இதுவே நடக்கிறது. காரணம் கேட்டால் ஓர் எண் பதிலாக வருகிறது: 30.49. ஒரு விக்கெட்டுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி அது. முப்பதைத் தாண்டியவருக்கு மேதைகள் வரிசையில் இடமில்லையாம்.

இந்த முப்பது எங்கிருந்து வந்தது? கபில் தேவின் சராசரி 29.64. மைசூரில் பிறந்த பி.எஸ். சந்திரசேகரின் சராசரி 29.74. இவர்கள் கோட்டுக்கு உள்ளே. 67 டெஸ்டுகளில் 236 விக்கெட் எடுத்த ஸ்ரீநாத் வெளியே. கபிலுக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி ஒரு விக்கெட்டுக்கு ஓர் ஓட்டம்கூட இல்லை. பத்துப் பத்தாக எண்ணிப் பழகிய நாவுக்கு முப்பது முழுமையாக ஒலிக்கிறது. அதற்குமேல் அந்தக் கோட்டுக்கு ஆதாரம் எதுவுமில்லை.

அந்தச் சராசரி உருவான விதத்தை எவரும் கேட்பதில்லை. ஸ்ரீநாத்தின் முதல் டெஸ்ட் 1991 நவம்பரில் பிரிஸ்பேனில். இந்திய மண்ணில் அவருடைய முதல் டெஸ்ட் 1994 நவம்பரில் மும்பையில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் உள்நாட்டு ஆடுகளங்கள் சுழலுக்கென்றே அமைந்தன. வேகத்துக்கு இருந்த ஓரிரு இடங்கள் மூத்தவர்களுக்குப் போயின. ஹாட்லியின் 431 விக்கெட் சாதனையைக் கபில் கடந்தது 1994 பிப்ரவரியில்தான். அந்தச் சாதனையை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அதற்கான விலையை ஒரு வேகப்பந்து வீச்சாளரின் இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து வரையிலான வயது செலுத்தியது. பின்பு 1997இல் தோள் காயமும் அறுவைச் சிகிச்சையும் அந்த ஆண்டின் பெரும்பகுதியைத் தின்றன. சராசரிப் பட்டியலில் இவற்றுக்கென்று ஒரு கட்டம் கிடையாது.

1999 பிப்ரவரியை எடுத்துக்கொள்வோர் வேறொன்றையும் காணலாம். தில்லியில் பாகிஸ்தானின் ஒன்பது விக்கெட்டுகளையும் கும்ப்ளே வீழ்த்தியிருந்தபோது, மறுமுனையில் ஸ்ரீநாத் விக்கெட் விழுந்துவிடக் கூடாதென்றே ஸ்டம்புகளை விட்டு விலக்கிப் பந்து வீசினார். கும்ப்ளேயின் 74க்கு 10 வரலாறானது; அந்த இன்னிங்ஸில் ஸ்ரீநாத்தின் கணக்கில் விக்கெட் ஏதுமில்லை. ஒன்பது நாள் கழித்துக் கொல்கத்தாவில் அதே பாகிஸ்தானுக்கு எதிராகத் தொடங்கிய ஆட்டத்தில் அவர் 132 ஓட்டங்களுக்கு 13 விக்கெட் எடுத்தார். இந்தியா தோற்றது. அந்த ஆட்டம் என்றதும் டெண்டுல்கரின் ரன் அவுட்டும் ஈடன் கார்டன்ஸின் கூச்சலும்தான் நினைவுக்கு வருகின்றன. பதின்மூன்று விக்கெட் வருவதில்லை. எண்ணே பேசட்டும் என்போர் இந்த எண்ணை ஏன் பேச விடுவதில்லை? 1996இல் அகமதாபாதில் 170ஐத் துரத்திய தென்னாப்பிரிக்காவை 105க்குச் சுருட்டிய 21க்கு 6 மட்டும் எப்படி மறந்தது? அதுவோ இந்தியா வென்ற ஆட்டம்.

எண்களை விட்டால் மிஞ்சுவது கட் அவுட் வைத்துப் பாலூற்றும் ரசிக மனம் மட்டுமே என்று மறுப்போர் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் இங்கே யாரும் எண்ணைத் துறக்கச் சொல்லவில்லை. எதனோடு, எந்த நிலையில் என்று சேர்த்துச் சொல்லுமாறு கேட்பது மட்டுமே. தமிழ் இலக்கணம் ஐந்தாம் வேற்றுமைக்கு நீக்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள் கூறும். ஒப்பும் எல்லையும் ஓர் உருபிலேயே அடங்கியிருப்பது கவனிக்கத்தக்கது. எந்த ஊரின் கிழக்கு என்று சொல்லாமல் கிழக்கு என்றால் யாரும் எங்கும் போய்ச் சேர முடியாது. 'எக்காலத்துக்கும் சிறந்தவர்' என்பது அப்படிப்பட்ட கிழக்கு.

இதில் ஆய்வு மாணவர்களின் பங்கு தனியே குறிப்பிடத் தக்கது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்கும் ஊர் இது. சில ஆயிரம் பேர் பேசும் பழங்குடி மொழிக்கு இலக்கணம் எழுதுபவரை மேற்கோள் எண்ணிக்கையால் அளப்பது அநீதி என்று பகலெல்லாம் வாதிடுகிறார்கள். அத்துறையில் மேற்கோள் காட்டவே ஆளில்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாலையில் அதே வாய் 30.49 என்கிறது. ஆய்வாளருக்குச் சூழல் உண்டு, பந்து வீச்சாளருக்கு இல்லை போலும்!

இன்னொன்றும் உண்டு. பும்ராவின் இடத்தை எவரும் மறுக்கப்போவதில்லை, கபிலுக்கும் மறுப்பில்லை. மூன்றாவது வேகத்துக்கு இந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் எழுதப்படும் பெயர் ஜாகீர் கான். அவர் 311 விக்கெட் எடுத்தவர், மறுப்பதற்கில்லை. இடக்கையர், பழைய பந்தை வளைத்தவர், 2011 உலகக்கோப்பையை வென்று தந்தவர் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. எல்லாமே நல்ல காரணங்கள். அவருடைய டெஸ்ட் சராசரி 32.94.