பயணக் காப்புறுதி வேறு, குடியிருப்போருக்கான காப்புறுதி வேறு

வெளிநாட்டிலிருந்து சரக்கு இறக்குமதி செய்யும் வியாபாரிகள் கடல் காப்புறுதி எடுக்கின்றோம். சரக்கு நமது களஞ்சியத்தை வந்தடைந்ததும் அந்தக் காப்புறுதி முடிந்துவிடும். துறைமுகத்திலேயே தேங்கிக் கிடந்தாலும், கப்பலிலிருந்து இறக்கி 60 நாட்களுக்குப் பிறகு அது செல்லாது என்பதே வழமையான நிபந்தனை. பின்னர் களஞ்சியத்தில் தீப்பிடித்தால் கடல் காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டி ஒரு சதமும் பெற முடியாது. அதற்குத் தீக் காப்புறுதி வேறாக இருக்க வேண்டும். ஜிந்துப்பிட்டியிலும் பழைய சோனகத் தெருவிலும் கடை வைத்திருக்கும் எவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

சரக்கு விடயத்தில் இவ்வளவு கணக்குப் பார்க்கும் நாம், பெற்ற பிள்ளையை நிக்காஹ் முடித்துக் கணவனோடு வெளிநாட்டுக்கு அனுப்பும்போது மட்டும் ஏன் அதை மறந்துவிடுகின்றோம்? டிக்கட் எடுக்கும் இடத்திலேயே ஒரு பயணக் காப்புறுதியையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, “ஒரு வருடத்துக்கு இருக்கிறது, பயமில்லை” என்று இருந்துவிடுகின்றோம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. மகள் வளைகுடா நாடொன்றுக்குக் குடும்ப வீசாவில் போய் நான்காம் மாதம் திடீரென அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. இங்கு எடுத்த காப்புறுதியில் பணம் கேட்டபோது, “அவர் இப்போது பயணி அல்ல, அந்நாட்டில் குடியிருப்பவர்” என்று பதில் வந்தது. வைத்தியசாலைக் கட்டணத்துக்காகத் தாயின் நகைகள் அடகுக்குப் போயின.

கம்பனியைத் திட்டி என்ன பயன்? பயணக் காப்புறுதி என்பது ஊரில் வீடு வைத்திருப்பவர் போய்த் திரும்பி வருவதற்காக உண்டானது. அவசர சிகிச்சை அளித்து ஆளை ஊருக்கு அனுப்பி வைப்பதுதான் அதன் நோக்கம். ஓராண்டுப் பத்திரம் என்றாலும் ஒரு பயணத்துக்கு இத்தனை நாட்கள்தான் என்ற எல்லை பெரும்பாலும் உள்ளே இருக்கும். ஏற்கனவே உள்ள நோய், கர்ப்பகாலப் பராமரிப்பு, பிரசவம் ஆகியவை பொதுவாக அதில் அடங்காது. புதுமணப் பெண்ணுக்கு முதலில் தேவைப்படக்கூடியதே அதில் இல்லையென்றால் அந்தப் பத்திரத்தால் என்ன பலன்?

ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. டுபாயில் 2013 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியருக்குக் காப்புறுதி எடுப்பது தொழில் வழங்குநரின் கடமை. மனைவிக்குக் கம்பனி எடுத்துக் கொடுக்காவிட்டால், அவருக்கு வீசா எடுக்கும் கணவனே அதற்குப் பொறுப்பு. ஆகவே “கம்பனியில் இன்சூரன்ஸ் இருக்கிறது” என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் அது அவருக்கு மட்டுமா, மனைவிக்கும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். பிரித்தானியாவில் 2015 முதல், வீசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் செலுத்த வேண்டும். 2024 பெப்ரவரியில் அது வளர்ந்தோருக்கு ஆண்டுக்கு 1,035 பவுணாக உயர்ந்தது. தொகை பெரிதுதான். ஆனால் அதைக் கட்டியவர் அங்குள்ள அரச சுகாதார சேவையைக் குடியிருப்பவரைப் போலவே பயன்படுத்தலாம். ஐரோப்பாவின் ஷெங்கன் வீசாவுக்குக் கேட்கப்படும் 30,000 யூரோ காப்புறுதியோ 90 நாள் வரையிலான குறுகிய பயணத்துக்கு உரியது. அதை நம்பி அங்கு குடித்தனம் நடத்த முடியாது.

நம் நாட்டிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. தொழிலுக்காகச் செல்பவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்தால் அதனோடு ஒரு காப்புறுதியும் கிடைக்கிறது. மனைவியாகச் செல்பவள் தொழிலாளி அல்லள் என்பதால் அந்தக் கணக்கில் வருவதில்லை. போய் இறங்கிய நாள் முதல் அங்குள்ள காப்புறுதி கைக்கு வரும் வரை, பிறகு கணவன் வேலையை இழந்தால் அடுத்த வேலை கிடைக்கும் வரை, அவள் வெறுங்கையோடு நிற்கிறாள். இந்த இடைக்காலத்துக்கு ஒரு திட்டம் வகுக்க நமது காப்புறுதிக் கம்பனிகள் முன்வர வேண்டும். 1999 முதல் இந்நாட்டில் தகாபுல் இயங்கி வருகிறது. அத்துறையினரும் இதைச் சிந்திக்கலாம்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பேச்சுவார்த்தையில் மண்டபம், சாப்பாடு, நகை என்று மணிக்கணக்கில் பேசுகின்றோம். அதற்கிடையில் மூன்று கேள்விகளையும் கேட்போம். அந்நாட்டில் மனைவிக்குக் காப்புறுதி எடுப்பது யார்? எந்தத் திகதியிலிருந்து? பிரசவம் அதில் அடங்குமா? பதிலை எழுத்தில் பெறுவோம். பயணக் காப்புறுதியையும் எடுப்போம், ஆனால் பயணத்துக்கு மட்டும். இதைக் கேட்பதால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று யாரும் அஞ்சத் தேவையில்லை. நல்ல மாப்பிள்ளைக்கு இந்தக் கேள்வி கௌரவக் குறைச்சலாகத் தோன்றாது.