கல்லாவுக்கு அந்தப் பக்கம்

"சாமான் வாங்கப் போனேனா, சண்டை வாங்கப் போனேனா?" என்று அலுத்துக்கொண்டே பையை இறக்கி வைக்கும் தாய்மார்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. அந்தக் கடையில் வேலை செய்யும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். "நாள் பூராவும் நின்று ஏச்சு வாங்கிவிட்டு வருகிறேன்" என்பாள் அவள். இருவரும் பொய் சொல்லவில்லை. லாயாங் லாயாங் போன்ற ஊர்களில் இருவரும் ஒரே லயத்துக்காரர்களாகக் கூட இருப்பார்கள். வேதனையே அதுதான்.

குளுவாங் மாவட்டத்தில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையே, ரயில் பாதையை ஒட்டிய சின்ன ஊர் லாயாங் லாயாங். மலாயில் அந்தச் சொல்லுக்குத் தகைவிலான் குருவி என்றும் பொருள், காற்றாடி என்றும் பொருள். உலு ரெமிஸ் முதலான தோட்டங்களைச் சுற்றி வைத்துக்கொண்டிருக்கும் ஊர். இங்கே கல்லாவில் உட்காரும் பெண்ணுக்கு, எதிரே வரிசையில் நிற்பவர் அத்தை முறையாகலாம். கூடப் படித்தவளின் தாயாராகலாம். கோலாலம்பூரில் முகம் தெரியாத ஒருத்தியிடம் கத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே கத்தினால் அடுத்த வாரம் கோயில் திருவிழாவில் அவள் முகத்தில் விழிக்க வேண்டும்!

அந்தக் காலத்தில் சண்டையே இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? தராசுத் தட்டில் விரல் பட்டதா இல்லையா என்று நடந்த வழக்குகளை எழுதினால் ஒரு புத்தகமாகும். 555 என்று அட்டையில் போட்ட அந்தச் சின்னக் கணக்குப் புத்தகத்தை நம்மில் யார் மறக்க முடியும்? வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. சம்பள நாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போன வீடு கொடுத்து வைத்த வீடு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "முதலாளி, இந்த மாசம் பூரா மழை, மரம் வெட்ட முடியல. பாதியைக் கட்டுறேன், மீதியை அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று சொன்னால், எதிரே நின்றவருக்கு "சரி" என்று சொல்லவும் அதிகாரம் இருந்தது, "முடியாது" என்று சொல்லவும் அதிகாரம் இருந்தது. சண்டை போட்டாலும் சரியான ஆளிடம் போட்டோம்.

இன்று கல்லாவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த அதிகாரத்தில் பத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது. விலையை அவள் போடவில்லை. தள்ளுபடியை அவள் நிறுத்தவில்லை. மாறிய விலையை அலமாரிச் சீட்டில் மாற்றாமல் விட்டதும் பெரும்பாலும் வேறு யாரோ. ஆனால் கணினி 'டிக்' என்று கூடுதல் விலையைக் காட்டும்போது நம் கண்ணுக்கு எட்டுகிற ஒரே முகம் அவளுடையதுதான்.

காசு சமாசாரத்தையே பாருங்களேன். 2008 ஏப்ரல் 1 முதல் ஒரு காசு நாணயத்தை விட்டுவிட்டு, மொத்தக் கணக்கை ஐந்து காசுக்குச் சரிக்கட்டும் முறை வந்தது. கடைசி இலக்கம் 1, 2 என்றால் 0 ஆகக் குறையும். 3, 4 என்றால் 5 ஆக ஏறும். 6, 7 என்றால் 5 ஆகக் குறையும். 8, 9 என்றால் 10 ஆக ஏறும். 12 வெள்ளி 52 காசுக்கு 12 வெள்ளி 50 காசு கொடுத்தால் போதும். அதுவே 53 காசானால் 55 கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக அல்ல, மொத்தத்துக்கு மட்டும். அதுவும் ரொக்கமாகக் கொடுக்கும்போதுதான். அட்டையில் கட்டினால் உள்ளது உள்ளபடி. இத்தனை ஆண்டுகள் கழித்தும், "ரெண்டு காசு எடுத்துக்கிட்டியே, தங்கச்சி" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குறையும்போது யாரும் வாய் திறப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எண்ணெய் கதையும் இதேதான். 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் அரசாங்கத்தின் உதவித் தொகையால் அந்த விலைக்கு வருகிறது. பல கடைகளில் ஆளுக்கு மூன்று பாக்கெட்டுக்கு மேல் கொடுப்பதில்லை. வீட்டில் எட்டுப் பேர் இருக்கும் அம்மாவுக்கு மூன்று பாக்கெட் எந்த மூலைக்கு? அவர் கோபம் நியாயமே. ஆனால் நாலாவது பாக்கெட்டைத் திருப்பி எடுத்து வைக்கும் பெண்ணின் வீட்டிலும் எட்டுப் பேர் இருக்கலாம்.

2025 ஆகஸ்டு 31, தேசிய தினம், ஞாயிற்றுக்கிழமை. பதினெட்டு வயது நிறைந்த மலேசியர் ஒவ்வொருவருக்கும் 'சாரா' உதவியாக 100 வெள்ளி மைகாட் அட்டையில் போடப்பட்டு, அன்று முதல் கடைகளில் அத்தியாவசியப் பொருள் வாங்கலாம் என்று அறிவிப்பு. விடுமுறை நாள், இலவசமாக நூறு வெள்ளி. கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? முதல் நாட்களில் கணினித் தொடர்பு திணறிப்போய், நாட்டின் பல இடங்களில் வரிசைகள் நகராமல் நின்றன. அட்டையைச் செருகுவதும் எடுப்பதுமாக நின்ற சிப்பந்திகளிடம்தான் அத்தனை பேரும் காரணம் கேட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? இயந்திரம் நின்றுவிட்டது என்பது தெரியும். எங்கே நின்றது, எப்போது வரும் என்பது நமக்குத் தெரிந்த அளவே அவர்களுக்கும் தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம். சின்னது என்று மற்றவர்கள் சொல்லலாம், நம்மவர்கள் சொல்ல மாட்டோம். வலது கை இயந்திரத்தில் இருக்க, அவசரத்தில் இடது கையால் சில்லறையை நீட்டிவிடுகிறாள் பெண். "ஏண்டி, சோத்துக் கையால குடுக்கத் தெரியாதா?" என்கிறார் பாட்டி. அந்தப் பாட்டியின் பக்கம்தான் நானும். ஆனால் அதே வரிசையில், கையில் கொடுக்காமல் நோட்டைக் கசக்கி மேசைமேல் விட்டெறிகிறவர்களையும், பொறுக்கி எடுக்கட்டும் என்று தொலைபேசியில் பேசிக்கொண்டே நிற்பவர்களையும் பாட்டி கண்டிக்கக் காணோமே! பனிப்பெட்டியிலிருந்து எடுத்த கோழியை வேண்டாமென்று பிஸ்கட் அடுக்கில் வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது!

கடைக்காரர்கள் பக்கம் குறையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேலை உடுப்போடு ஒருவர் உள்ளே நுழைந்தால் அவர் பின்னாலேயே அலமாரி அலமாரியாக நிழல்போல நடக்கும் சிப்பந்திகளை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிற மனிதனுக்குத் தான் ஏன் பின்தொடரப்படுகிறோம் என்று புரியாதா? 'விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்று சுவரில் ஒட்டிவிட்டு, பழுதான சோற்றுப்பானையைக் கொண்டுவரும் அம்மாவுக்கு அந்தச் சுவரைக் காட்டுவதும் நடக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் முன் அந்தச் சுவரொட்டி செல்லாது. மனம் மாறித் திருப்பித் தருவது வேறு. பழுதான பொருளுக்குச் சரிசெய்தோ, மாற்றியோ, பணத்தையோ கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சிப்பந்திகளின் சிடுசிடுப்புக்கு ஒரு காரணம் கால்களில் இருக்கிறது. தீபாவளி ஜவுளி எடுக்கத் தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் அங்குள்ள பெரிய கடைகளைக் கண்டிருப்பார்கள். புடவையை விரித்துக் காட்டும் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றபடியே இருந்தார்கள். வாடிக்கைக்காரர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. பக்கத்துக் கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களை விஜி என்ற தையற்காரப் பெண்மணி 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரட்டிப் போராடியதன் பலனாக, 2018இல் அந்த மாநிலம் கடைச் சிப்பந்திகளுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று விதித்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது, பாருங்கள்! நம் கடைகளிலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி இருக்கிறதா என்று அடுத்த முறை எட்டிப் பாருங்கள்.

சம்பளம்? 2025ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. வார வேலை நேரம் 2023 ஜனவரி முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஆனால் இரவு கணக்கு முடிக்கும்போது கல்லாவில் இருபது வெள்ளி குறைந்தால், அதை அவள் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் இருக்கிறதே, அதைத்தான் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, முதலாளி தாமாகப் பிடிக்கக்கூடியவற்றை வரையறுத்திருக்கிறது: தவறிப்போய்க் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், முன்பணம், முன்னறிவிப்பின்றி வேலையை விட்டதற்கான ஈடு, சட்டம் கட்டளையிட்ட பிடித்தங்கள். கல்லாக் குறை அந்த வரிசையில் இல்லை. உங்கள் மகளின் சம்பளச் சீட்டில் அப்படி ஒன்று வந்தால் தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள். அவசரப்படுத்தும் வரிசைக்கு எதிரே அவள் ஏன் நோட்டை இரண்டு முறை எண்ணுகிறாள் என்பதும் அப்போது விளங்கும்.

சரி, நமக்கு உண்மையாகவே அநியாயம் நடந்தால்? அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் வேறு விலை என்றால் முதலில் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணே நிம்மதியாகக் கூப்பிடுவாள். அதற்கும் மசியவில்லையா, உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் புகார் செய்யலாம். பணம் திரும்ப வேண்டுமானால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்குப் பதிய 5 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம். சாமான் வாங்கி மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

எங்கே போனாலும் பற்றுச்சீட்டு கேட்பார்கள். இப்போதைய சீட்டுகள் சூடு பட்டால் எழுத்து தெரியும் ஒருவகைத் தாள்; மை கிடையாது. அடுப்பு மேடைக்கு மேலே ஆணியில் குத்தி வைத்தால் சில மாதங்களில் ஒன்றும் தெரியாது. சோற்றுப்பானை, மின்விசிறி போன்ற பெரிய சாமான் வாங்கிய அன்றைக்கே கைப்பேசியில் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். அல்லது கடையிலேயே நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.