பழைய காருக்கு ஃப்யூயல் பம்ப்: விலை கேட்கும் முன் அளவு கேளுங்கள்

பழைய கார் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களிடம் மெக்கானிக் "பம்ப் போயிடுச்சு சார்" என்று சொன்னதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பது. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. அதற்கு முன் கேட்க வேண்டியவை நான்கு. பம்ப் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா? என்ன அழுத்தம் தரும் பம்ப் நம் வண்டிக்கு வேண்டும்? மோட்டார் மட்டும் போதுமா, முழு செட்டும் மாற்ற வேண்டுமா? இன்றைக்கு பங்க்கில் ஊற்றுகிற பெட்ரோலை அது தாங்குமா?

இப்படி யோசிக்கக் காரணம் நான் பார்த்த உத்தியோகம். புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்த காலத்தில் பெரும்பகுதி கொள்முதல் கோப்புகளோடுதான் கழிந்தது. மூன்று விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர். "அரசாங்கம் மலிவானதைத்தான் வாங்கும்" என்று வெளியில் கேலி பேசுவார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. முதலில் விவரக்குறிப்பு எழுத வேண்டும். அதற்குப் பொருந்துகிற பொருள்களுக்குள் எது மலிவோ அதை வாங்க வேண்டும். பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இந்த விவரக்குறிப்புக்கு ஒரு சொல் தெரியும்: 'காயே தெ ஷார்ழ்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பொறுப்புகள் எழுதிய நோட்டுப்புத்தகம்'. பொருள் என்னென்ன பொறுப்பைச் சுமக்க வேண்டும் என்று எழுதாமல் விலை கேட்பது, முகவரி எழுதாமல் தபால் தலை ஒட்டுவது மாதிரி.

ஓய்வுக்குப் பிறகு மகனுடைய வேலை நிமித்தம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்துவிட்டேன். கார்கள் பிறக்கிற ஊர் இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. மறைமலைநகரில் 1999-இல் ஃபோர்டு ஐகான். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை. ஆனால் இருபது வயதான ஒரு காருக்குப் பம்ப் வேண்டும் என்றால், இந்த ஆலைகளின் மதில் சுவரை ஒட்டி நடந்தாலும் கிடைக்காது. ஆலைக்குள் வருவது இன்று ஓடுகிற மாடலுக்கான பாகம் மட்டும். பழைய மாடலுக்கு டீலர் வழியாகச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும், அல்லது சென்னைக்குப் போய் ஜி.பி. ரோட்டில் ஏறி இறங்க வேண்டும். ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-இல் மறைமலைநகர் வரிசையும் நின்ற பிறகு, ஐகான், ஃபியஸ்டா வைத்திருக்கும் நண்பர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் முன்யோசனையோடு இருக்கப் பழகிவிட்டார்கள். உதிரிப்பாகமும் சர்வீஸும் தொடரும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது என்றாலும் மனசு கேட்பதில்லை.

நம் தலைமுறைக்குத் தெரிந்த பம்ப் வேறு. அம்பாசடர், ஃபியட் காலத்தில் அது எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும். கேம் ஷாஃப்ட் தள்ள, உள்ளே ஒரு டயாபிரம் மேலும் கீழும் போய் பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். டயாபிரம் கிழிந்தால் ஒரு கிட் வாங்கிப் போட்டால் தீர்ந்தது. சித்திரை வெயிலில் வண்டி நின்றால் பம்ப்பின் மேல் ஈரத் துணி சுற்றுவோமே, நினைவிருக்கிறதா? அந்தப் பம்ப் தருகிற அழுத்தம் சுமார் மூன்றிலிருந்து ஐந்து பவுண்டு.

2000-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின்கள் பரவலான பிறகு பம்ப் பெட்ரோல் டேங்குக்குள் போய்விட்டது. மின்சார மோட்டார் அது. பெரும்பாலான கார்களில் சுமார் மூன்று கிலோ அழுத்தம், அதாவது நாற்பது பவுண்டுக்கு மேல். டயரில் நாம் அடிக்கும் முப்பது சொச்சம் பவுண்டைவிட அதிகம். அதனால் 'பம்ப் என்றால் பம்ப்தானே' என்று ஒன்றுக்கு ஒன்றை மாற்றிப் போட முடியாது. கார்புரேட்டர் வண்டியில் எம்.பி.எஃப்.ஐ. பம்ப்பை அப்படியே மாட்டினால் பெட்ரோல் பொங்கி சூடான எஞ்சின் மேல் வழியும். அது தீ விபத்தில் முடியலாம்.

இப்போது முதல் கேள்வி. பம்ப் கெட்டுவிட்டதா?

எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவியை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குக் காரில் அழைத்துப் போகிறார். ஒரு நாள் திரும்பும்போது பைபாஸில் வண்டி நின்றது. அந்த அம்மாவை அந்த நிலையில் ஆட்டோவில் ஏற்றி வீடு கொண்டுவந்து சேர்த்தார். ஒரு பணிமனையில் வண்டியை விட்டார். பம்ப் என்றார்கள், முழு செட்டும் மாற்றினார்கள், பெரிய தொகை. பத்தே நாளில் அதே சாலையில் மீண்டும் நின்றது. கடைசியில் சுங்குவார்சத்திரத்தில் ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கும் பையன் கண்டுபிடித்தான்: சூடேறினால் விட்டுப்போகிற ஒரு ரிலே. பம்ப்போடு ஒப்பிட்டால் அதன் விலை காப்பிக் காசு.

ஆகவே, மாற்றும் முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் இரண்டு விநாடி 'உம்ம்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஃப்யூஸ், ரிலே, எர்த் வயர் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். சில ஃபோர்டு கார்களில் மோதினால் பெட்ரோலை நிறுத்துகிற ஒரு சுவிட்ச் உண்டு, பெரிய பள்ளத்தில் விழுந்தாலே அது தட்டிவிடலாம். பம்ப்பின் கனெக்டரில் பேட்டரிக்கு நெருக்கமான வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைக்க வேண்டும். ஃபில்டர் அடைத்திருக்கிறதா பார்க்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். சொன்ன அழுத்தம் வரவில்லை, ஆக்ஸிலேட்டர் மிதித்தால் முள் இன்னும் இறங்குகிறது என்றால் பம்ப்தான் குற்றவாளி. டேங்கின் அடியில் கையால் தட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆகிறதென்றால் மோட்டாரின் கார்பன் தேய்ந்து அது கடைசி மூச்சில் இருக்கிறது என்று அர்த்தம். கேஜ் இல்லாத பணிமனையில் பம்ப் மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி.

இரண்டாவது, அளவு. அழுத்தம் எத்தனை கிலோ, அந்த அழுத்தத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்ற இரண்டும் தெரிய வேண்டும். "இது ஹெவி டியூட்டி சார், இன்னும் நல்லா இழுக்கும்" என்று சொல்லி ஒன்றை நீட்டுவார்கள். எஞ்சினின் கம்ப்யூட்டர், இன்ன அழுத்தம் இருக்கிறது என்று நம்பித்தான் இன்ஜெக்டரை இத்தனை நேரம் திறப்பது என்று கணக்குப் போடுகிறது. அழுத்தம் குறைந்தால் வண்டி ஏற்றத்தில் திணறும். கூடினால் பெட்ரோல் வாடையும் கறுப்புப் புகையும். தேவைக்கு மேல் பலம் நமக்கு லாபம் இல்லை. பழைய பம்ப்பின் உடம்பில் பொறித்திருக்கும் பாக எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போவது உத்தமம். வண்டியின் பெயரும் வருஷமும் மட்டும் சொன்னால் போதாது, ஒரே மாடலில் இரண்டு விதப் பம்ப் வந்திருக்கலாம்.

மூன்றாவது, மோட்டாரா முழு செட்டா. டேங்குக்குள் இருப்பது ஒரு கூடு. அதில் மோட்டார், வலை, பெட்ரோல் அளவு காட்டும் மிதவை, சில வண்டிகளில் ரெகுலேட்டரும் ஃபில்டரும் சேர்ந்திருக்கும். கெடுவது பெரும்பாலும் மோட்டார். என் வண்டிக்குப் போனிலேயே ஓர் இடத்தில் முழு செட்டுக்கு விலை சொன்னார்கள், பானெட்டைக்கூடத் திறக்காமல். தனி மோட்டாரின் விலையைப் போல நான்கு மடங்கு. "மோட்டார் தனியா வராது சார்" என்றார்கள். ஜி.பி. ரோட்டில் வந்தது. பாஷ், டென்சோ போன்ற, கார் கம்பெனிகளுக்கே பம்ப் செய்து தருகிற நிறுவனங்களின் மோட்டார்கள் தனியாகவே விற்கின்றன.

முழு செட் வாங்குவது முட்டாள்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. மிதவை முள் ஆடாமல் நிற்கிறது, பிளாஸ்டிக் கூடு வெடித்திருக்கிறது, அல்லது கூட்டைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த ஆள் இல்லை என்றால் முழு செட்தான் பாதுகாப்பு. மோட்டார் மட்டும் மாற்றினால் வலையையும், உள்ளே இருக்கும் சின்ன ஹோஸையும், மூடியின் ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்த ஹோஸ் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். வெளியே போடுகிற சாதாரண ஹோஸை வெட்டிச் செருகினால் வெளிப்பக்கமும் ஊறி, சில மாதங்களில் பிய்ந்துவிடும்.

புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து எடுத்த பம்ப் கிடைக்கும். கதவு, கண்ணாடி, விளக்கு என்றால் நானே அங்கே போவேன். பிரான்சில் 2017 முதல், சில வகைப் பாகங்களுக்குப் பழைய வண்டியிலிருந்து எடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் பணிமனை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் தேய்ந்து சாவதையே தொழிலாகக் கொண்ட ஒரு மோட்டாரை, எத்தனை வருஷம் ஓடியது என்று தெரியாமல் வாங்கி, நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் மாட்டுவதை நான் ஒப்ப மாட்டேன்.

நான்காவது, பெட்ரோல். 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் அறிமுகமானது. 2025-இல் இருபது சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. நம் பழைய கார்கள் பிறந்தபோது இந்தப் பெட்ரோல் இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், சில ரப்பர்களை ஊதவும் வெடிக்கவும் செய்யும். பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலியம் அமைச்சகமே சொல்லியிருக்கிறது. நம்மில் பலர் அத்தனை கிலோமீட்டர் ஓட்டப் பத்து வருஷம் ஆகும். வண்டி நின்றபடியே இருக்கும்போது ஈரம் சேருவதுதான் நமக்குக் கவலை. எப்படியும் புதுப் பம்ப் வாங்குகிறோம், இ20-க்கு ஏற்றது என்று எழுதியிருப்பதையே வாங்குவோம். கூடவே, டேங்கில் கால் பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். அந்த மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

"இருபது வருஷக் காருக்கு இவ்வளவு பாடா? விற்றுவிட்டுப் புதுசு வாங்குங்களேன்" என்கிறார்கள் பிள்ளைகள். ஓய்வூதியத்தில் தவணை கட்டுவது யார்? பழகிய கிளட்ச், பழகிய ஸ்டியரிங், எங்கே தட்டினால் கதவு திறக்கும் என்று தெரிந்த வண்டி. கோயில், மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, வருஷத்துக்கு ஒரு தடவை புதுச்சேரி. இதற்குப் பழைய கார் தாராளம்.

ஆனால் அந்தக் காரை ஓடவைக்கிற பொறுப்பை நம் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே இணையதளமும் தொடங்கியது. அதில் மோட்டார் வாகனமும் ஒரு பிரிவு. நல்ல தொடக்கம். இதற்கு மேல் மூன்று கட்டாயங்கள் வர வேண்டும் என்பது என் கோரிக்கை. பம்ப்பின் பெட்டி மேல் அழுத்தம், ஓட்டம், எந்த எத்தனால் அளவுக்கு ஏற்றது என்று அச்சடிக்க வேண்டும். தேய்கிற மோட்டாரைத் தனியாக விற்க வேண்டும். ஒரு மாடலை நிறுத்தினால் எத்தனை வருஷம் உதிரிப்பாகம் தருவோம் என்று விற்கும்போதே எழுத்தில் தர வேண்டும். பெட்டிமேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருஷம், அதிகபட்ச விலை இருக்க வேண்டும் என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு அடியில் இன்னும் இரண்டு வரி சேர்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒரு துண்டுச் சீட்டு. பழைய பம்ப்பின் பாக எண், கேஜ் காட்டிய அழுத்தம், இருக்க வேண்டிய அழுத்தம், இ20 தாங்குமா, ஜி.எஸ்.டி. பில்லில் வாரண்டி எழுதித் தருவார்களா என்று ஐந்து வரி எழுதுங்கள். சீட்டைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு அதன் பிறகு விலை கேளுங்கள். அவர் முகத்தைச் சுளித்தால் அடுத்த கடைக்கு நடங்கள். ஜி.பி. ரோட்டில் கடைக்கா பஞ்சம்?