காரணம் சொல்லாத காகிதம்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை ஒரே தொகுப்பாக ஏற்றார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், எஞ்சிய ஒன்று செஞ்சி. அச்செய்தி வந்த நாளிலிருந்தே நண்பர்கள் சிலர் சேர்ந்து போய்வர வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம், அண்மையில்தான் கைகூடியது. கோட்டையில் ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் காலை வடக்கே தேசூர்ப் பக்கமாகச் சீயமங்கலம் சென்றோம்.

சீயமங்கலத்துக் குடைவரை முதலாம் மகேந்திரவர்மனுடையது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. லளிதாங்குரன் என்ற தன் பட்டப்பெயரால் மன்னன் தன்னைக் குறித்துக்கொண்டு, கோயிலுக்கு அவனிபாஜன பல்லவேசுவரம் என்று பெயர் சூட்டிய செய்தியைச் சொல்லும் வடமொழிக் கல்வெட்டு கிரந்த எழுத்தில் இருக்கிறது. அரைத்தூண் ஒன்றில் ஆடும் சிவன். தமிழகத்தின் மிகப் பழைய ஆடவல்லான் சிற்பங்களுள் ஒன்றாகக் கலை வரலாற்றாளர் மதிக்கும் சிற்பம் அது. அதன்முன் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எங்களுள் ஒருவருக்குக் கிரந்தம் தெரியும். அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்ட, மற்றவர்கள் பின்தொடர்ந்தோம். பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து ஒரு மன்னன் சொன்னது எங்களுக்கு விளங்கிய மகிழ்ச்சியில் வெளியே வந்தோம்.

வெளியே ஒரு மூதாட்டி காத்திருந்தார். கேமராவும் குறிப்பேடுமாகத் திரிந்த எங்களை அதிகாரிகள் என்று எண்ணியிருக்கிறார்.

“சார், நீங்க ஆபீசுலேர்ந்து வந்திருக்கீங்களா?”

இல்லை என்றோம். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனாலும் நகரவில்லை. முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார்.

“படிச்சவங்கதான? இதுல என்னா கேட்டு எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

மறைந்த கணவர் பெயரில் இருந்த சிறு நிலத்தின் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றக் கேட்டு அவர் மனுக் கொடுத்திருந்தார். வந்த பதில் அந்தத் தாள். எந்த அலுவலகம் அனுப்பியது என்பது இங்கே தேவையில்லை; எந்த அலுவலகமும் அனுப்பியிருக்கக்கூடிய பதில்தான். ‘பொருள்’ இருந்தது, ‘பார்வை’ இருந்தது. அதன்கீழ் இரண்டே வரி: உரிய ஆவணங்கள் இணைக்கப்படாததால் மனு நிராகரிக்கப்படுகிறது. எந்த ஆவணம்? அதை யார் தருவார்? மறுபடி எங்கே, எத்தனை நாளுக்குள் கேட்பது? ஒன்றும் இல்லை. கல்வெட்டைப் படித்துவிட்ட நாங்கள் அந்த இரண்டு வரியைப் படிக்க முடியாமல் நின்றோம்.

அரசு அலுவலகம் என்றதும் நம் எழுத்தாளர்கள் எழுதுவதும் நாம் பேசுவதும் பெரும்பாலும் லஞ்சத்தைப் பற்றியே. லஞ்சம் உண்மைதான், அதன் கொடுமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மூதாட்டியிடம் யாரும் பணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என்ன வேண்டும் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எங்கள் நண்பர் ஒருவர் கசப்புடன் சொன்னார். லஞ்சத்துக்கும் முந்தைய ஒரு நோய் உண்டு. குடிமகனுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அலுவலகத்தில் இல்லாமற்போவதுதான் அது. காரணம் தெரியாத இடத்தில்தான் தரகர் வந்து உட்காருகிறார்.

தமிழக அரசு மக்களுக்கு ஒன்றுமே செய்வதில்லை என்ற பொதுப் புலம்பலில் எங்களுக்கு உடன்பாடில்லை. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய உணவுத் திட்டம் 1956இல் காமராசர் காலத்தில் விரிந்து, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாகி, 2022இல் காலைச் சிற்றுண்டி வரை வந்திருக்கிறது. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது, தமிழகம் அனைவருக்கும் பொதுவான முறையையே வைத்துக்கொண்டது. பொருளியலாளர் ழான் திரேஸ் போன்றோர் இதைப் பாராட்டி எழுதியுள்ளனர்.

ரேஷன் கடையில் குறைகள் இல்லாமல் இல்லை. எடை குறையும், சில நாள் சரக்கு வராது, கைரேகை பதியாமல் முதியவர்கள் திண்டாடுவார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தன் அட்டைக்கு எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு சர்க்கரை என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். அடுத்த வீட்டுக்கும் அதே கணக்கு என்பதால் குறைந்தால் சண்டை போட முடியும். நாலு பேர் கூட வருவார்கள். சத்துணவும் அப்படியே. முட்டை எந்த நாளில் உண்டு என்பதைக் குழந்தையே சொல்லும். விதி எளிதாகவும் எல்லாருக்கும் தெரிந்ததாகவும் இருக்கும் இடத்தில் அரசின் சேவை கடைசி வீடு வரை சென்றுவிடுகிறது. பட்டா, வாரிசுச் சான்று, உதவித்தொகை என்று ஒவ்வொருவரின் வழக்கும் தனித்தனியாகும் இடத்தில், விதி அலுவலரின் மேசைக்குள் போய்விடுகிறது. மனுதாரர் தனித்து நிற்கிறார்.

இந்த மேசைக்கு ஒரு வரலாறு உண்டு. ஊர்க் கணக்கு ஒரு காலத்தில் கர்ணத்தின் வீட்டில் இருந்தது. பதவி பரம்பரையாக வந்தது. யார் நிலம் எங்கே முடிகிறது என்பது அவர் நோட்டில் இருந்தது. அந்த நோட்டை அவரைத் தவிர ஊரில் படிக்கத் தெரிந்தவர் அரிது. பல சாதியாருக்கு அவர் திண்ணையில் ஏறவும் உரிமை இல்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் ஒன்றால் இந்தப் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். தமிழகக் கிராமங்களில் நடந்த பெரிய சமூக மாற்றங்களுள் இது ஒன்று என்றே கருதுகிறோம். நம் இலக்கியத்தில் இதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

பிறகு கணினி வந்தது. இன்று பட்டாவையும் சிட்டாவையும் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம், மாற்றத்துக்கும் விண்ணப்பிக்கலாம். இதுவும் நல்ல மாற்றமே. ஆனால் கணக்கு கர்ணத்தின் பெட்டியிலிருந்து திரைக்கு மாறியபோது, அதைப் படித்துச் சொல்ல ஒருவர் தேவை என்ற நிலை மாறவில்லை. திரையில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற சொல் முன்பைவிட விரைவாக வந்து சேர்கிறது, அவ்வளவுதான். அதற்கு விளக்கம் கேட்க அதே மூதாட்டி அதே பேருந்தில் ஏற வேண்டியிருக்கிறது.

சீயமங்கலத்துக் கல்வெட்டைப் பற்றி அன்று மாலை மறுபடி பேசினோம். மகேந்திரவர்மன் அதை வடமொழியில் எழுதினான். அக்காலத்துச் சீயமங்கலத்து உழவர் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? அவன் பெயரும் பெருமையும் கல்லில் ஏறின. ஊரார் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. தங்கள் இறைவனைத் தூணாண்டார் என்று தமிழில் அழைத்தார்கள். மக்கள் தமக்கு விளங்கும் பெயரைத் தாமே இட்டுக்கொள்கிறார்கள். ஆனால் தமக்கு விளங்கும் ஆணையைத் தாமே எழுதிக்கொள்ள முடியாது. அதை அரசுதான் எழுத வேண்டும்.

எழுதிய உதாரணம் வெகு தொலைவில் இல்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919ஆம் ஆண்டினதும் 921ஆம் ஆண்டினதும், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதைச் சபை கூடிய இடத்தின் சுவரிலேயே சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வர இயலாது என்பது அவற்றுள் ஒரு விதி. இதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. அது பிராமணர்களின் சபை. பெண்களுக்கும் உழைக்கும் சாதியினருக்கும் அதில் இடமில்லை. ஆனாலும் ஒருவனை விலக்குவதானால் காரணம் சுவரில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருந்தது. தகுதியின்மைக்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ‘உரிய தகுதி இல்லாதவர்’ என்று ஒற்றை வரியில் முடிக்கவில்லை.

நம் காலத்தில் இதே எண்ணத்தை ராஜஸ்தானத்து ஏழைகள் மீட்டெடுத்தார்கள். 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட்கிரானா என்னும் ஊரில் முதல் பொது விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளின் கூலிக் கணக்கை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். அந்தப் பணிகளைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள்தாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எது பொய் என்பதை அவர்களே சொன்னார்கள். அங்கிருந்து வளர்ந்த போராட்டம்தான் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், தகவல் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழகம். விலக்குகள் மலிந்த சட்டம் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் கேள்வி கேட்கும் சட்டமாகவே அறிந்திருக்கிறோம். அதன் நான்காம் பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு முடிவால் பாதிக்கப்படுபவருக்கு அம்முடிவின் காரணத்தை அரசு அலுவலகம் தானாகவே தர வேண்டும் என்கிறது அப்பிரிவு. தகவலை வெளியிடும்போது வட்டார மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, அந்த மூதாட்டிக்குக் காரணம் சொல்வது யாருடைய கருணையும் அன்று. அது இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம்.

மறுப்பு ஒன்று உண்டு. அதில் நியாயமும் உண்டு. அலுவலர்களுக்கு நேரமில்லை. பணியிடங்கள் காலியாகக் கிடக்க, ஒரே கிராம நிர்வாக அலுவலர் கூடுதலாக இன்னோர் ஊரையும் பார்ப்பதுண்டு. சான்றிதழ், வெள்ளக் கணக்கெடுப்பு, தேர்தல் வேலை, முகாம் என்று வேலைகள் அவர் தலையில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. இதில் ஒவ்வொரு மனுவுக்கும் விளக்கக் கடிதம் எழுத முடியுமா? விளக்கம் எழுதாததால்தான் அதே மனு மூன்று முறை வருகிறது என்பதே எங்கள் பதில். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் குறைதீர் நாளில் கையில் தாளோடு நிற்பவர்களைப் பாருங்கள். புதிய மனுவோடு வந்தவர் எத்தனை பேர், பழைய மனுவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வந்தவர் எத்தனை பேர் என்று நாமே எண்ணிக்கொள்ளலாம்.

அரசு நினைத்தால் அலுவலகத்தை மக்களுக்கு அருகே கொண்டுவர முடியும். ஏரிகளிலிருந்து வண்டல் மண் எடுக்க உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளரும் மாவட்ட அளவில் அனுமதி கேட்டு அலைந்ததை மாற்றி, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024இல் விதியை எளிதாக்கினார்கள். மத்தியப் பிரதேசம் 2010இலேயே பொதுச் சேவைகளுக்குக் காலக்கெடு விதித்துச் சட்டம் செய்தது. பீகாரும் கர்நாடகமும் 2011இல் தொடர்ந்தன. தமிழகத்திலும் இத்தகைய சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் குரல் எழுந்து வருகிறது. காலக்கெடு வேண்டும்தான். ஆனால் முப்பது நாளில் ‘நிராகரிக்கப்படுகிறது’ என்று வருவதை இருபது நாளில் வரவைப்பதோடு அது நின்றுவிடக் கூடாது.

நாங்கள் கேட்பது நான்கு வரி. எந்த ஆவணம் குறைகிறது, அதை எந்த அலுவலகம் தரும், இம்முடிவை எதிர்த்து யாரிடம் மேல்முறையீடு செய்யலாம், எத்தனை நாளுக்குள். நிராகரிக்கும் எந்தக் கடிதத்திலும் இந்த நான்கும், ஊரார் பேசும் தமிழில், இருக்க வேண்டும். இதற்குப் புதிய துறை வேண்டாம். நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற வருவாய்த்துறை நண்பர் ஒருவருக்கு அனுப்பினோம். பட்டாவில் கணவர் பெயர் ஒரு விதமாகவும் இறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருக்கிறதா பாருங்கள் என்றார். பார்த்தோம், ஓர் எழுத்து வேறுபட்டிருந்தது. இருவரும் ஒருவரே என்பதற்கு ஒரு சான்று வாங்கி இணைக்கச் சொன்னார். “அதுவாகத்தான் இருக்கும்” என்றார். முப்பது ஆண்டுகள் அந்தத் துறையில் இருந்தவரும் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

புதிய மனுவை அங்கேயே எழுதினோம். இலக்கியம் படிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், ஊர் நூலகத்தில் வாரத்துக்கு ஒரு மாலை உட்கார்ந்து இதைச் செய்யலாமே என்று திரும்பும் வழியில் பேசிக்கொண்டோம். வாசகர்களும் யோசிக்க வேண்டுகிறோம்.

எழுதியதை அவருக்கு இருமுறை படித்துக் காட்டினோம். மூதாட்டி தலையாட்டினார். தாளை மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “நீங்க எழுதுனது எனக்கு வெளங்குது சார். அவங்க எழுதுறதும் இப்பிடி வெளங்குமா?”